அத்தி உதிரும் கணக்கு

அந்தப் புகாரை எழுதியவன் நான்தான். பின்னால் யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004-ம் வருஷம், மார்ச் மாதம். புனே பக்கம் ஹிஞ்சேவாடியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குற்றம் சொல்வதற்கே உனக்குச் சம்பளம் என்று என் தங்கை கேலி செய்வாள். காலை ஆறரைக்குக் கம்பெனி வண்டி வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கு வந்தது ஒரு வெள்ளை இண்டிகா கார். ஏறி உட்கார்ந்ததுமே புளித்த பழ வாடை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியிலும் என் கையிலும் பொடிப்பொடியாகப் பூச்சிகள். கடுகில் பாதிகூட இருக்காது. கடிக்கவும் இல்லை, போகவும் இல்லை. கம்பெனி வாசலில் இறங்கினால் பின்னால் வந்தவன் சிரிக்கிறான். புதுச் சட்டையின் முதுகில் செக்கச்செவேலென்று கறை. சீட்டில் ஏதோ பழம் நசுங்கிக் கிடந்திருக்கிறது. வந்த கோபத்தில் நேராக டிரான்ஸ்போர்ட் மேஜைக்குப் போய்ப் புகார் அட்டை வாங்கி, பூச்சி, நாற்றம், கறை மூன்றையும் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பிறகுதான் காபி குடித்தேன்.

மறுநாள் வண்டியை வேறொருவர் ஓட்டி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளைத் தொப்பி, மருதாணி போட்டுச் சிவந்த தாடி. கொஞ்ச தூரம் போனதும், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். புனேயில் அந்த நேரத்தில் தமிழைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"திருமங்கலம். மதுரைப் பக்கம்."

"நான் ஜாபர் சாதிக். கடையநல்லூரு. இந்த வண்டிக்கு நான்தான் ஓனரு. அட்டையில பேரப் பாத்தேன். நம்ம ஊருப் பேரா இருக்கேன்னு நானே வந்தேன். அந்தச் சட்டையக் குடுங்க தம்பி. எங்க வீட்ல கறையெடுக்கதுல கெட்டிக்காரி. அத்திப்பழக் கறை சும்மா சோப்புக்கெல்லாம் போவாது."

"ஐயோ, விடுங்க பாய். நான் ஏதோ கோவத்துல எழுதிட்டேன்."

"நீங்க எழுதுனது சரிதான். நான் குத்தஞ் சொல்லல. ஆனா எழுதுனவரு ஒரு தடவ வந்து அந்த மரத்தப் பாத்துட்டுப் போணும். ஞாயித்துக்கெழம வாறியளா?"

மறுக்க முடியவில்லை. சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் குடியிருந்த வாகடுக்குப் போனேன்.

அப்போது வாகட் பாதி வயல், பாதி கட்டடம். ஒரு பக்கம் பத்து மாடிக்குச் சாரம் கட்டியிருப்பார்கள். அடுத்த பக்கம் சோளம் நிற்கும். செங்கல் லாரி போய்ப் போய்க் குழியான ஒரு சந்தில், தத்து காகா என்ற மராத்தி விவசாயியின் பழைய ஓட்டு வீட்டில் பாய் வாடகைக்கு இருந்தார். முன்னால் பெரிய முற்றம், அதற்கு அந்தப் பக்கம் காகாவின் எருமைக் கொட்டகை. முற்றத்தின் நடுவில் அத்திமரம்.

நான் அத்திமரம் பார்த்ததில்லை என்றில்லை. ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மற்ற மரங்கள் நுனிக்கொம்பில் காய்க்கும். இது அடிமரத்தில், என் முழங்கால் உயரத்திலிருந்தே கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. காயை யாரோ பசை தடவி ஒட்டிவிட்டுப் போனதுபோல மரப்பட்டையிலேயே மொய்த்துக்கொண்டிருந்தது. பழுத்தவை சிவந்து தொட்டால் விழுந்தன. கீழே நசுங்கிக் கிடந்ததில் ஈ, எறும்பு, நான் முன்பே பழகியிருந்த அந்தப் பொடிப் பூச்சி. மேலே மைனாவும் குக்குறுவானும் சண்டை. அந்த மரத்துக்கு நேர் கீழேதான் பாயின் இரண்டு வெள்ளை இண்டிகாவும் நின்றன.

"இப்பத் தெரியுதா?" என்றார் பாய்.

வீட்டில் அவர் மனைவி ரஹ்மத் பீவி, பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மகள் மர்ஜானா, இரண்டாவது வண்டி ஓட்டும் அந்தோணி. அந்தோணிக்குத் தூத்துக்குடி. முற்றத்து அறையிலேயே தங்கிச் சாப்பாடும் அங்கேயே. என்னைப் பார்த்ததும், "இவுகதான் புகாரு எழுதுன தம்பியா?" என்று ரஹ்மத் பீவி கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். புகார் எழுதின தம்பிக்கு ரொட்டி வை, புகார் எழுதின தம்பிக்குச் சால்னா போதுமா என்று கேள். எனக்கும் அது பழகிவிட்டது. சால்னா அப்படி இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே பாய் விஷயத்தைச் சொன்னார். கம்பெனி வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு ஸ்டேஷன், கல்யாணம், கடக்வாஸ்லா அணைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி என்று ஓட்டியபோது கறையைப் பற்றி யாரும் அட்டையில் எழுதவில்லை.

"மொதப் புகாரு ஒரு அம்மா எழுதுனது. ரெண்டாவது ஒங்களது. மூணாவது வந்துட்டா வண்டிய எடுத்துட்டுப் போன்னுருவாவ. தப்பிச்சா, மே மாசத்துல ஒரு வருசத்துக்கு எழுதிக் குடுக்காவ. அதுக்கும் முன்னால அந்த டிரான்ஸ்போர்ட் தீப்தி மேடம் இங்கனயே நேர்ல வந்து வண்டி, வண்டி நிக்க எடம் எல்லாத்தயும் பாப்பாவளாம்."

"சந்துல நிறுத்திப் பாத்தீங்களா?"

"நிறுத்துனோம். செங்கல் லாரிக்காரன் ஒரு பக்கத்த சொரண்டிட்டுப் போயிட்டான். ரோட்டுல நிறுத்துன வண்டி வேண்டாம், சொந்த முத்தம் வேணும்னு மேடமும் சொல்லியாச்சு. இந்த வேல போச்சுன்னா ரெண்டாவது வண்டிய வித்துரணும். அந்தோணி ஊருக்குப் போணும். இவள பதினொண்ணாவதுக்கு இங்கன சேக்க முடியாது, கடையநல்லூருல கொண்டு விடணும்."

"மேக்கு தமிழ் வாசிக்கவே வராது வாப்பா," என்றாள் மர்ஜானா. எனக்கு என்பதற்குத்தான் அந்த இந்தி ‘மேக்கு’; மராத்தி, இந்தி, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கி அடிக்கும் பெண்.

"ஒரே ஒரு மரம் தம்பி. வெட்டுனா எல்லாம் தீந்துபோச்சு. எவன் விடுதான்?"

யார் விடவில்லை என்பது அடுத்த அரைமணி நேரத்தில் தெரிந்தது. வீட்டுக்காரரான தத்து காகாவிடம் பாய் ஏற்கெனவே கேட்டிருந்தார். மராத்திக்காரர்களுக்கு அத்தி தத்த மகாராஜ், அதாவது தத்தாத்ரேயர், வாசம் செய்யும் மரம். வியாழக்கிழமை தோறும் காகாவின் வீட்டம்மா வந்து அடியில் விளக்கு வைப்பார். வெட்டலாமா என்று கேட்டதற்குக் காகா காதைப் பொத்திக்கொண்டு போனவர், இரண்டு நாள் பாயோடு பேசவில்லையாம்.

"காகாவ விடுங்க. வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்கா," என்றார் பாய்.

ரஹ்மத் பீவி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சொன்னார். "குர்ஆன்ல படச்சவன் அத்தி மேல சத்தியம் பண்ணியிருக்கான். அந்த மரத்துல கோடாலிய வச்சுட்டு நான் எப்பிடித் தொழுக நிப்பேன்?"

"அது சீமையத்தி. அரபு நாட்டுல காய்க்கது. காயவச்சு மாலையா கோத்து விக்கானே, அது. இது வேற, அது வேற."

"ஒங்ககிட்ட வந்து சொன்னானா, சீமையத்தின்னு?"

பாய் அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி தட்டைக் கீழே வைத்தே விட்டான்.

"என்னப் பாக்காதிய அண்ணாச்சி. கர்த்தர் ஒரு அத்திமரத்தச் சபிச்சாரு, நெசந்தான். ஏன் சபிச்சாரு? அதுல காய் இல்ல. இது தலையிலேருந்து கால் வரைக்கும் காய்ச்சுத் தொங்குது. இதத் தொட்டா சபிக்கது என்னயத்தான்."

எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். மூன்று பக்கமும் மரத்தைக் காபந்து பண்ணியாகிவிட்டது, என் பங்குக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. இன்னொரு ரொட்டி கேட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் அங்கே போக ஆரம்பித்தேன். சட்டை கறையில்லாமல் திரும்பி வந்தது. மார்ச் முடிவதற்குள் அந்த ஈடு பழம் உதிர்ந்து ஓய்ந்தது. கொஞ்சம் மூச்சுவிட்டோம். ஏப்ரல் பிறந்ததும் பார்த்தால், அதே பட்டையில் பட்டாணி அளவில் அடுத்த ஈடு பச்சைப்பசேலென்று கிளம்பிவிட்டது. வருஷத்தில் இத்தனை தடவை காய்க்கச் சொல்லி அந்த மரத்தை யார் கேட்டார்கள் என்று பாய் தலையில் கைவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தீப்தி மேடம், மே மாதத்தில் எந்தத் திங்கட்கிழமை வரட்டும், நீங்களே சொல்லுங்கள் என்று பாயிடம் கேட்டிருக்கிறார். பாய் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். கொஞ்ச நேரம் மரத்தைச் சுற்றி வந்தவர், அடுப்படிப் பக்கம் திரும்பி, "ரஹ்மத்து, இந்தக் காய் எப்பப் பழுத்து எப்ப உதிரும்? நீதான நாள் பூரா இதுக்கடியில துணி காயப்போடுத. நீ சொல்லு, எந்த நாளு வரச் சொல்லட்டும்?" என்றார்.

ரஹ்மத் பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மீன் கழுவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, தலையில் துணியைச் சரியாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வீடு மாறியது, வண்டி வாங்கியது, கம்பெனியில் சேர்த்தது எல்லாமே முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றை முன்னாலேயே கேட்கிறார்கள். அவருக்கு அது பெரிய சந்தோஷம். முகத்திலேயே தெரிந்தது.

"நாம இந்த வீட்டுக்கு வந்த வருசம், மவுலூது பிறை பன்னெண்டுக்கு இங்கன முத்தத்துலதான நெய்ச்சோறு ஆக்குனேன்? மரத்துக்கடியிலதான் அடுப்பக் கூட்டுனேன். சட்டியில ஒரு பழம் விழல. அதுக்கு முந்துன வாரம் வரைக்கும் தூத்து முடியல. அன்னைக்குப் பாத்தா மரம் சும்மா நிக்கி. நபி பொறந்த நாளுக்கு மரியாத குடுத்து உதுத்துட்டு நிக்கின்னு நெனச்சுக்கிட்டேன்."

"அடுத்தடுத்த வருஷம் எப்படிக்கா?" என்றேன்.

"அடுத்தடுத்த வருசம் லீவுக்கு ஊருக்குப் போயிட்டோம்லா. யாரு பாத்தா? ஆனா இது தப்பாது. பன்னெண்டாம் பிறைக்கு மறுநாள் வரச் சொல்லுங்க. மரத்துல ஒரு பழம் இருக்காது."

காலண்டரைப் பார்த்தோம். பன்னிரண்டாம் பிறை மே இரண்டு, ஞாயிறு. மறுநாள் திங்கள். பொருத்தம் அமைந்துவிட்டது என்று பாய்க்குச் சந்தோஷம். மேடத்திடம் போய், மே மூன்று என்று சொல்லிவிட்டு வந்தார்.

காய் வளர்ந்தது. கோலிக்குண்டு ஆனது, எலுமிச்சை ஆனது. ஆனால் பச்சை மாறவில்லை. வெயில் நாற்பதைத் தொட்டது, சந்து முழுக்கப் புழுதி. பாய் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மரத்தைப் பார்ப்பார்.

"இன்னும் பச்சையாத்தான இருக்கு?"

"பிறை ரெண்டுதான ஆவுது. பத்து நா கெடக்குல்லா."

பிறை ஐந்து. பிறை ஏழு. காய் அசையவில்லை. ஒருநாள் சாம்பல் நிறத்தில் நீள மூக்கோடு இரண்டு இருவாச்சிகள் வந்து மரத்தில் உட்கார்ந்து, காயைக் கொத்திப் பார்த்து, பிடிக்காமல் போய்விட்டன. "அதுகளே நாள் பாத்துட்டுப் போவுது அண்ணாச்சி," என்றான் அந்தோணி. பாய் அவனை முறைத்தார்.

அந்த வாரம் புதன்கிழமை, சவரம் செய்துகொண்டிருக்கும்போது எனக்குச் சட்டென்று உறைத்தது. ரம்ஜான் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருகிறது, எல்லாருக்கும் தெரியும். மவுலூதும் அப்படித்தானே வரும்? அவர்கள் வீட்டுக்கு வந்தது மூன்று வருஷம் முன்னால். அன்றைய பன்னிரண்டாம் பிறை ஜூன் மாதத்தில் இருந்திருக்கும். இன்றைக்கு மே ஆரம்பத்துக்கே வந்துவிட்டது. பிறை ஒரு மாதம் முன்னால் ஓடிவிட்டது. மரம் வெயிலையும் மழையையும் பார்த்துக்கொண்டு தன் இடத்திலேயே நிற்கிறது. அக்காவின் கணக்கில் தப்பு இருக்கிறது.

தப்பு கண்டுபிடிப்பதுதானே என் வேலை. கம்பெனியாக இருந்தால் அந்த நிமிஷமே எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பதில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே ஒரு புகார் எழுதியவன், இன்னொன்றை எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டேன். அது பெரிய தப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

மே இரண்டு, ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது யாரும் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அடிமரத்தில் காய் இன்னும் பச்சை, உச்சிக்கொம்புகளில் மஞ்சள் பாய்ந்து சிவப்பு ஏற ஆரம்பித்திருந்தது. ரஹ்மத் பீவி மரத்தைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடத்துக்குப் போன் போட்டு நாள் மாத்தலாமே பாய்."

"நாளச் சொன்னது நாம. நாமளே மாத்துனா, இவன் வண்டிய எங்கயோ வச்சுருக்கான்னு நெனப்பாவ," என்றவர், லுங்கியை மடித்துக் கட்டினார். "பறிச்சுருவோம் தம்பி. எல்லாத்தயும் பறிச்சுருவோம். ஏல அந்தோணி, ஏணிய எடு."

அன்றைக்கு முற்றத்தில் திருவிழாதான். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு எல்லாரும் இறங்கினோம். ஒரு கொத்தைத் திருகினால் பால் பொலபொலவென்று வடிந்து, விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. அந்தோணி ஏணியில், பாய் வண்டியின் கூரையில், நானும் மர்ஜானாவும் தரையில். பாதி நேரம் காய் பறித்தோம், பாதி நேரம் ஒட்டிய கையைப் பிய்த்தோம். மதியத்துக்குள் நாலு கோணிப்பை நிறைந்தது.

ரஹ்மத் பீவி ஒரு காயை இரண்டாக நறுக்கி என்னிடம் காட்டினார். உள்ளே சுவர் முழுக்க வெளிறிய சிவப்பில் பொடி இழைகள். "இதுதான் பூ. உள்ளுக்குள்ளயே பூக்கும். பழுத்தாத்தான் பூச்சி பறக்கும், பிஞ்சுல ஒண்ணுந் தெரியாது." நறுக்கியதை அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுக் கறை போக்கி, எலும்பும் பருப்பும் சேர்த்து அத்திக்காய்த் தால்ச்சா வைத்தார். மவுலூது நாளுக்கு நெய்ச்சோறு, தால்ச்சா, கத்திரிக்காய் பச்சடி. காகா வீட்டுக்கும் அத்திக்காயைத் தேங்காய் போட்டு வதக்கி ஒரு தூக்கு போனது. கொஞ்சம் துவர்ப்பு, எலும்புச் சாற்றில் ஊறிய மெது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என்ன சங்கடம் இருந்தாலும் எனக்குப் பசி மட்டும் குறைவதில்லை.

ஏணிக்கு எட்டாத உச்சி மட்டும் மிச்சம். அதற்காக அந்தோணி இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரு பெரிய தார்ப்பாயை மரத்துக்கும் சுவருக்குமாக இழுத்துக் கட்டினான். வண்டிகளைக் கழுவித் துடைத்து அதற்குள் விட்டோம். "ஒரு பொட்டு விழாது அண்ணாச்சி," என்று அடித்துச் சொன்னான்.

திங்கட்கிழமை விடியற்காலை இடிச் சத்தத்தில் எழுந்தேன். அந்த வருஷத்தின் முதல் கோடை மழை. காற்று ஜன்னலைப் பெயர்த்துவிடும்போல அடித்தது. ஓய்ந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தில் முழங்கால் தண்ணீர்.

ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தேன். தார்ப்பாய் எருமைக் கொட்டகையின் கூரையில் கிடந்தது. உச்சிக்கொம்பில் பழுத்திருந்ததெல்லாம் ஒரே இரவில் இறங்கிவிட்டது. இரண்டு வெள்ளை வண்டியும் சிவப்பு. கண்ணாடியில் கூழ், கதவில் இலை, இருவாச்சிகளும் இப்போது நாள் பார்த்து வந்து எச்சம் போட்டிருந்தன. கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது. பாயும் அந்தோணியும் கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பேண்டை மடித்துக்கொண்டு ஒரு வாளியைப் பிடித்தேன். மேடம் பார்ப்பதற்காக அன்று காலை இரண்டு வண்டிக்கும் ஓட்டமில்லை; அவர் எட்டு மணிக்கு வரவேண்டும், அப்போது ஆறே முக்கால்.

ரஹ்மத் பீவி ஒரு துணியோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அழுதார். "மர்ஜானா வாப்பா, இனிமே எங்கிட்ட ஒண்ணுங் கேக்காதிய. எந்தப் புத்தியில சொன்னேன்னு தெரியல."

பாய் குனிந்து டயரைத் தேய்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

அப்போது கொட்டகையில் ஏதோ அறுபடும் சத்தம். காகாவின் இரண்டு எருமைகளும் கயிற்றை அறுத்துக்கொண்டு முற்றத்துக்குள் வந்தன. பின்னாலேயே காகா, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். எருமைகள் அவரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையில் கிடந்த பழத்தைத் தின்ன ஆரம்பித்தன. நாங்கள் துடைப்பத்தால் தள்ளத் தள்ள ஒட்டிக்கொண்ட பழம், அவற்றின் நாக்குக்குச் சுத்தமாக வந்தது.

காகா வண்டிகளைப் பார்த்தார், ரஹ்மத் பீவியின் அழுகையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மர்ஜானா மராத்தியில் பிறைக் கணக்கைச் சொன்னாள். காகா தன் சாக்கை உதறினார்.

"வைசாக மாதம் முடிந்தால்தான் இந்த மரம் ஓயும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். நாங்களும் நிலாவைத்தான் எண்ணுகிறோம். அது முன்னால் ஓடினால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நடுவில் ஒரு மாதத்தைச் சேர்த்து இழுத்துப் பிடித்துவிடுவோம். மரத்தை விட்டு ரொம்ப தூரம் போக விடமாட்டோம்."

ரஹ்மத் பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகாவின் வீட்டம்மாவிடம் கற்ற மராத்தியில், "அதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா காகா?" என்றார்.

"வெட்டலாமா என்று கேட்டீர்கள். எப்போது உதிரும் என்று என்னிடம் யார் கேட்டார்கள்?"

அந்த நேரம் பார்த்துச் சந்தில் ஹார்ன் சத்தம். தீப்தி மேடம் முக்கால் மணி நேரம் முன்னால் வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், கையில் அட்டை செருகிய பலகை, சிரித்தே பழக்கமில்லாத முகம். ஒரு வண்டி பாதி வெள்ளை, ஒரு வண்டி முழுச் சிவப்பு, நடுவில் இரண்டு எருமை, வாளியோடு நான். என்னைப் பார்த்ததும், "நீங்கள்தானே புகார் எழுதினது?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

பாய் அவர் முன்னால் போய் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னார். மழை பெய்தது என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் மரத்தை வெட்ட நினைத்ததையும், மவுலூதுக் கணக்கையும், ஞாயிற்றுக்கிழமைத் தால்ச்சாவையும்கூடச் சொன்னார். மேடம் குறிப்பு எடுக்காமல் கேட்டார். நடுவில் ஒரு தடவை மரத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"எரும நம்மள விட நல்லாத் தூத்துப் பெருக்குதே மைனி," என்று அந்தோணி மெதுவாகச் சொன்னான். முற்றத்தில் பாதி பளிச்சென்று ஆகிவிட்டிருந்தது.

ரஹ்மத் பீவி எருமைகளையும் காலிக் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். பாயிடம் சொல்லவில்லை, அந்தோணியிடம்தான் சொன்னார். "உதிருத நாள்ல மாட்ட இங்கன கெட்டிட்டு, வண்டிய அந்தக் கொட்டகைக்குள்ள விட்டா என்னலே?"

அந்தோணி வாயைப் பிளந்தான். பாய் திரும்பினார். மர்ஜானா அதற்குள் காகாவிடம் மராத்தியில் கொட்டிவிட்டாள். காகா எருமைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பாலுக்கு நல்லதுதான், ஆனால் அந்த நாட்களில் வண்டியைக் கழுவுவதோடு சேர்த்து எருமைகளையும் இவர்களே கழுவவேண்டும் என்றார். அந்தோணி முகம் சுருங்கியது. பாய் உடனே சரி என்று கையைக் கொடுத்துவிட்டார்.

மேடம் பலகையில் ஏதோ எழுதப் போனவர், நிறுத்தினார். "இன்றைக்குப் பார்த்ததை எழுதினால் பாஸ் போட முடியாது. இன்றைக்கு நான் வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை வருவேன். அன்றைக்கு இப்படி இருந்தால் முடிந்தது. எந்த நாள்?"

பாய் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ரஹ்மத்து, எப்ப வரச் சொல்லட்டும்?"

"எங்கிட்டயா கேக்கிய?"

"ஒங்கிட்டத்தான் கேக்கேன்."

ரஹ்மத் பீவிக்கு மறுபடி கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், அதை மறைப்பானேன். அவர் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். மிச்சக் கொத்துகளைப் பார்த்தார். பிறகு காகாவின் வைசாகம் எப்போது முடியும் என்று விரலை மடக்கிச் சித்திரை, வைகாசி என்று எண்ணினார். வயற்காட்டுப் பெண் அவர், அந்த மாதக் கணக்கும் கையில் இருந்தது.

"வைகாசி பத்துக்கு மேல வரச் சொல்லுங்க."

மர்ஜானா காலண்டரைப் பார்த்து, "மே டுவென்டி ஃபோர், மண்டே," என்றாள். "பக்காவா?" என்று மேடம் பாயைக் கேட்டார். "அவ சொல்லிட்டா மேடம். எழுதிக்கோங்க," என்றார் பாய், தமிழில். மேடத்துக்குப் புரிந்ததோ என்னவோ, எழுதிக்கொண்டார்.

இருபத்துநாலாம் தேதி நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். மரத்தில் இலை மட்டும் இருந்தது. வண்டிகள் கொட்டகைக்குள் வெள்ளைவெளேரென்று நின்றன, எருமைகள் அந்தோணியின் உபயத்தில் அதைவிடப் பளபளத்தன. மேடம் பானெட்டில் விரலைத் தேய்த்தார், சீட்டை முகர்ந்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பலகையில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு வருஷம் என்று சொல்லித் தாளைக் கிழித்துக் கொடுத்தார். பாய் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தோணி எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

கிளம்பப் போன மேடம் நின்றார். வருஷத்தில் இரண்டு தடவை பார்க்கவேண்டும், அடுத்தது எப்போது என்று இப்போதே குறித்துக்கொள்கிறேன் என்றார். பாய் பதில் சொல்ல வாயெடுத்தார். மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. நேராக அடுப்படி வாசலுக்குப் போய், ரஹ்மத் பீவியிடம், "நீங்கள் சொல்லுங்கள், எப்போது வரட்டும்?" என்று இந்தியில் கேட்டார்.

ரஹ்மத் பீவி தலைத் துணியைச் சரிசெய்துகொண்டார். சட்டியில் நெய் காய்ந்துகொண்டிருந்தது.

"மொதல்ல உக்காந்து சாப்பிடச் சொல்லு மர்ஜானா," என்றார். "பொறவு சொல்லுதேன்."